நிலா எப்போது எழும், எப்போது மறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்ப் பெயரைத் தட்டினால் அந்த மாதத்து நிலா அட்டவணை வந்து நிற்கிறது. உதயம், உச்சம், மறைவு, எத்தனை சதவீதம் ஒளி, எவ்வளவு தூரம் என்று எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். பார்ப்பதற்கு ரயில் நேர அட்டவணை மாதிரிதான், ஆனால் ரயில் அட்டவணையைப் படிப்பதுபோல் படித்தால் ஏமாந்துவிடுவோம். நானே ஏமாந்திருக்கிறேன், கீழே சொல்கிறேன். நிலாவின் ஒரு நாள் நம்முடைய 24 மணி நேரத்தில் அடங்குவதில்லை, சராசரியாக 24 மணி 50 நிமிடம் ஆகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் கீழே உள்ளதில் பாதிக் கேள்விகளை நீங்கள் கேட்கவே மாட்டீர்கள்.

ஒரு தேதியில் உதய நேரமே இல்லை, வெறும் கோடு போட்டிருக்கிறது. அட்டவணையில் தப்பா?

தப்பில்லை. மாதத்துக்கு ஒரு தடவை இப்படி வரும், வந்தே தீரும். திங்கட்கிழமை இரவு 11:35-க்கு நிலா எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த உதயம் 24 மணி 50 நிமிடம் கழித்து, அதாவது செவ்வாய் நள்ளிரவைத் தாண்டி 12:25-க்கு. கடிகாரக் கணக்கில் அது புதன்கிழமை ஆகிவிட்டது. ஆக, செவ்வாய் என்ற தேதிக்குள் ஒரு உதயமும் விழவில்லை. நிலா வழக்கம்போல்தான் வந்து போகிறது, நாம் நள்ளிரவில் தேதியைக் கிழிப்பதால் வந்த வினை இது.

தேய்பிறை அரை நிலாவை ஒட்டித்தான் இந்தக் காலிக் கட்டம் வரும், ஏனென்றால் அப்போதுதான் உதயம் நள்ளிரவை ஒட்டி நடக்கிறது. அதேபோல வளர்பிறை அரை நிலாவை ஒட்டி ஒரு நாள் மறைவுக் கட்டம் காலியாக இருக்கும்.

"புதன் 12:25" என்றால் எந்த இரவு?

செவ்வாய் ராத்திரி படுக்காமல் விழித்திருந்தால் பார்க்கக்கூடியது. நான் ஏமாந்தது இங்கேதான். புதன்கிழமை என்று போட்டிருக்கிறதே என்று புதன் இரவு சாப்பிட்டுவிட்டு, கேமரா, முக்காலி எல்லாம் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய் 12 மணியிலிருந்து காத்திருந்தேன். 12:25 ஆயிற்று, 12:45 ஆயிற்று, ஒன்றையும் காணோம். நான் 24 மணி நேரம் தாமதம். அந்த இரவு நிலா 1:15-ஐ ஒட்டித்தான் எழுந்தது, அதற்குள் நான் கீழே இறங்கித் தூங்கிப் போயிருந்தேன்.

மறைவு நேரம் உதய நேரத்துக்கு முன்னால் இருக்கிறதே, எழுவதற்கு முன்பே எப்படி மறையும்?

காலை 7:10 மறைவு, இரவு 8:05 உதயம் என்று இருந்தால், காலையில் மறைவது முந்தைய இரவு எழுந்த நிலா. இரவு எழுவது அடுத்த நாள் காலைதான் மறையும், அதற்கான நேரம் அட்டவணையில் அடுத்த வரியில் இருக்கும். அதனால் ஒரு வரியில் உள்ள உதயத்தையும் மறைவையும் ஜோடி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உதயத்தைப் பாருங்கள், அதற்குப் பிறகு வருகிற முதல் மறைவைத் தேடுங்கள், அது அடுத்த வரியில் இருந்தாலும் சரி.

எந்தப் பிறை எந்த நேரத்தில் எழும் என்று மனப்பாடமாக ஏதாவது வழி உண்டா?

நான்கு நேரங்களை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். அமாவாசை நிலா சூரியனோடு எழுந்து சூரியனோடு மறைகிறது. வளர்பிறை அரை நிலா நண்பகலை ஒட்டி எழும், சூரியன் மறைகிற நேரத்தில் உச்சியில் நிற்கும், நள்ளிரவை ஒட்டி மறையும். பௌர்ணமி நிலா மாலையில் எழுந்து காலையில் மறையும். தேய்பிறை அரை நிலா நள்ளிரவில் எழுந்து நண்பகலில் மறையும். நடுவில் உள்ள நாட்களை இந்த நான்குக்கும் இடையில் பங்கிட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மாலையில் கிழக்கே அடிவானத்தில் மெல்லிய பிறை எழுவது போல் யாராவது ஓவியம் வரைந்திருந்தால் அது தப்பு என்று உடனே சொல்லிவிடலாம். மாலைப் பிறை மேற்கேதான் இருக்கும், அதுவும் இறங்கிக்கொண்டு.

தினமும் 50 நிமிடம் தாமதம் என்கிறீர்கள். என் ஊர் அட்டவணையில் ஒரு நாள் 42, இன்னொரு நாள் 63 என்று வருகிறதே?

50 என்பது சராசரி மட்டும்தான். நிலா பூமியைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, பக்கத்தில் வரும்போது வேகமாகவும் தொலைவில் போகும்போது மெதுவாகவும் நகர்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 12 டிகிரியிலிருந்து 15 டிகிரி வரை கிழக்கே நகர்ந்துவிடுகிறது. பூமி அதை எட்டிப் பிடிக்க அவ்வளவு கூடுதலாகச் சுழல வேண்டும், அந்தக் கூடுதல் நேரம்தான் தாமதம்.

இதோடு நிலாவின் பாதை அடிவானத்தை எந்தச் சாய்வில் வெட்டுகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. சிங்கப்பூர் போல் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உள்ள ஊர்களில் நிலா ஏறக்குறைய செங்குத்தாக ஏறும், அதனால் வித்தியாசம் சுமார் 40 நிமிடத்திலிருந்து 65 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். லண்டன் போல் வடக்கே தள்ளிய ஊர்களில் ஆட்டம் பெரிது. அங்கே செப்டம்பர் கடைசியை ஒட்டி வருகிற பௌர்ணமியின்போது அடுத்தடுத்த நாள் உதயங்களுக்கு இடையே 15, 20 நிமிடம்தான் இருக்கும், வசந்த காலப் பௌர்ணமியில் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். செப்டம்பரில் தொடர்ந்து சில நாள் சூரியன் போன கையோடு பெரிய நிலா வந்து நிற்பதால் அதற்கு ஆங்கிலத்தில் ஹார்வெஸ்ட் மூன், அதாவது அறுவடை நிலா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பௌர்ணமிக்கு மணி, நிமிடம் எல்லாம் போடுகிறார்கள். அந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது? ஊருக்கு ஊர் மாறுமா?

பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனும் நிலாவும் வான்பாதையில் சரியாக 180 டிகிரி விலகி நிற்கும் கணம் அது. அமாவாசைக்கு 0, அரை நிலாக்களுக்கு 90, 270. இந்தக் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான், மாறுவது கடிகாரம் மட்டும். யூடிசி எனப்படும் உலகப் பொது நேரப்படி இரவு 8:00-க்குப் பௌர்ணமி என்றால், இந்திய நேரத்தில் அது மறுநாள் அதிகாலை 1:30, டோக்கியோவில் மறுநாள் அதிகாலை 5:00. அதனால்தான் ஒரே பௌர்ணமிக்கு இரண்டு இடங்களில் இரண்டு தேதி போட்டிருக்கும், இரண்டும் சரி.

அந்தக் கணம் உங்கள் ஊரில் பட்டப்பகலாக இருந்தால் அப்போது நிலா அடிவானத்துக்குக் கீழே இருக்கும். அதற்காக எதையும் இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒரு நாள் முன்னே பின்னே இருந்தாலும் ஒளி 99 சதவீதம், கண்ணுக்கு முழு வட்டம்தான்.

ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். பாபிலோனிய வானியலாளர்கள் இந்தச் சராசரியை ஒரு வினாடிக்குள் சரியாகக் கணித்து வைத்திருந்தார்கள், தொலைநோக்கி கண்டுபிடிப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னால். தனித்தனியாகப் பார்த்தால் மாதத்துக்கு மாதம் சில மணி நேரம் கூடும், குறையும்.

அமாவாசை அன்று ஒளி 0.2 சதவீதம் என்று போட்டிருக்கிறது. பூஜ்யம் இல்லையா?

நிலாவின் பாதை சூரியன் போகிற தடத்துக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்தது. அதனால் பெரும்பாலான அமாவாசைகளில் நிலா சூரியனுக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ கடந்து போகிறது, நமக்கு ஓர் இழை விளிம்பு ஒளியோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நேர்க்கோட்டில் வந்தால் சூரிய கிரகணம். மாதாமாதம் கிரகணம் வராததற்கும் இந்தச் சாய்வுதான் காரணம்.

50 சதவீதம் என்றால் பௌர்ணமியின் பாதி வெளிச்சம்தானே?

இல்லை, சுமார் பத்தில் ஒரு பங்குதான். சதவீதம் என்பது ஒளிர்கிற பரப்பைச் சொல்கிறது, வெளிச்சத்தின் அளவை அல்ல. அரை நிலாவின்போது சூரிய ஒளி பக்கவாட்டில் விழுவதால் பள்ளம், மேடு எல்லாம் நிழல் போடுகின்றன. பௌர்ணமியில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதுபோல, நிழல் எல்லாம் மறைந்து மொத்தத் தரையும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இத்தனைக்கும் நிலாத் தரை தன்மேல் விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. தேய்ந்த தார்ச்சாலையின் நிறம் என்று சொல்லலாம், சுற்றிலும் இருட்டு என்பதால் நமக்கு வெள்ளித்தட்டு.

சதவீதம் ஏறுகிற வேகமும் சீராக இருக்காது. அமாவாசைக்கு மறுநாள் சுமார் 1, அதற்கு அடுத்த நாள் 4, மூன்றாம் நாள் 10. அரை நிலாவை ஒட்டி நாளுக்கு 10, 11 என்று தாவும், பௌர்ணமியை ஒட்டி மறுபடி நத்தை வேகம்.

அட்டவணையில் போட்ட நிமிடத்துக்குச் சரியாகப் போய் நின்றேன், நிலாவைக் காணோம். ஏன்?

அட்டவணை சொல்வது, தடையே இல்லாத, கடல் போல் சமமான அடிவானத்தில் நிலாவின் மேல் விளிம்பு தெரியும் நேரத்தை. உங்களுக்குக் கிழக்கே ஒரு குன்றோ அடுக்குமாடியோ இருந்தால் அதைத் தாண்டி ஏறி வர வேண்டும். பூமத்திய ரேகைப் பக்கம் ஒரு டிகிரி ஏறச் சுமார் நான்கு நிமிடம் ஆகும், வடக்கே போகப் போக இன்னும் கூடும். கையை நீட்டிச் சுண்டு விரலைப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி. எதிர்க் கட்டடம் ஐந்து விரல் உயரம் என்றால் குறைந்தது 20 நிமிடம் பொறுங்கள். போதாக்குறைக்கு, அடிவானத்தில் புகையும் தூசியும் தடிமனாக இருக்கும், பகல் வெளிச்சம் இன்னும் பாக்கி இருந்தால் முதல் சில நிமிடங்கள் நிலா இருந்தும் தெரியாது. நான் அட்டவணை நேரத்தோடு 15 நிமிடம் சேர்த்துத்தான் எதிர்பார்ப்பேன், ஆனால் போவது 15 நிமிடம் முன்னதாக.

உயரமான இடத்தில் நின்றால் எதிர்மாறாக நடக்கும். 100 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் கால் டிகிரிக்கும் சற்று அதிகமாகக் கீழே இறங்குகிறது, ஒரு நிமிடத்துக்கு மேல் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இந்த நேரத்தைக் கணிப்பதிலேயே ஓர் இழுபறி இருக்கிறது. காற்று மண்டலத்தின் ஒளிவிலகல், அடிவானத்தில் உள்ள பொருளை அரை டிகிரிக்கும் சற்று அதிகமாகத் தூக்கிக் காட்டும். சூரியன் உண்மையில் எழுவதற்கு முன்பே நமக்குத் தெரிவது அதனால்தான். நிலாவுக்கும் அது உண்டு, ஆனால் நிலா நமக்கு மிகவும் பக்கம், சராசரியாக 3,84,400 கிலோமீட்டர்தான். நாம் நிற்பது பூமியின் நடுவில் இல்லை, அங்கிருந்து சுமார் 6,370 கிலோமீட்டர் தள்ளி மேற்பரப்பில். இந்த இட வித்தியாசம் அடிவான நிலாவை ஏறக்குறைய ஒரு டிகிரி கீழே தள்ளிக் காட்டுகிறது. ஒன்று தூக்க, இன்னொன்று அமுக்க, கடைசியில் அமுக்குவதுதான் ஜெயிக்கிறது. ஒளிவிலகலும் அன்றைய வெப்பநிலை, காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறுவதால்தான் நல்ல அட்டவணைகள் நிமிடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. யாராவது வினாடி வரை போட்டிருந்தால் அதை அலங்காரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் நேரம் மாறுமா? பக்கத்து ஊர் அட்டவணையை வைத்துக்கொள்ளலாமா?

ஊருக்குள் ஒன்றிரண்டு நிமிடம், கவலை வேண்டாம். ஊர் விட்டு ஊர் என்றால், ஒரே கடிகார நேரத்தில் கிழக்கு மேற்காக ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம். பூமத்திய ரேகையில் ஒரு டிகிரி என்பது 111 கிலோமீட்டர். வடக்கு தெற்காகத் தள்ளியிருந்தால் இப்படிச் சுலபமாகச் சொல்ல முடியாது, சில நாள் வித்தியாசமே இருக்காது, சில நாள் நிறைய இருக்கும். அதற்குத் தனி அட்டவணையே பார்ப்பது நல்லது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும் நாடுகளில் அட்டவணை அதைச் சேர்த்ததா, சேர்க்காததா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

எந்தத் திசையில் தேடுவது? கிழக்கு என்று பார்த்தால் வேறெங்கோ எழுகிறதே?

நிலா சரியாகக் கிழக்கில் எழுவது மாதத்தில் இரண்டு நாள்தான். மற்ற நாட்களில் வடகிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடையே ஊசலாடும். சூரியன் ஆறு மாதத்தில் போகிற தூரத்தை நிலா இரண்டே வாரத்தில் போய்விடுகிறது. அதுமட்டும் இல்லை, இந்த ஊசலின் அகலமே 18.6 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகிறது. 2024, 2025-ஐ ஒட்டி அது உச்சத்தில் இருந்தது, நிலா வடக்கேயும் தெற்கேயும் 28.5 டிகிரி வரை போயிற்று. 2034-ஐ ஒட்டி 18.5 டிகிரிக்குள் சுருங்கிவிடும்.

இவ்வளவையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை, அட்டவணையில் திசைக்கோணம் என்று ஒரு எண் இருக்கும். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180. எண் 65 என்றால் கிழக்கிலிருந்து வடக்கே 25 டிகிரி தள்ளி.

நிலா எழாத நாள், மறையாத நாள் என்று உண்டா?

துருவங்களை நோக்கிப் போனால் உண்டு. மேலே சொன்ன 28.5 டிகிரி உச்சக் காலத்தில், 61.5 டிகிரி அட்சரேகைக்கு அப்பால் உள்ள ஊர்களில் மாதத்தில் சில நாள் நிலா மறையாமல் சுற்றிச் சுற்றி வரும், இரண்டு வாரம் கழித்துச் சில நாள் தலைகாட்டவே காட்டாது. நார்வேயின் ட்ரொம்சோ இதற்கு நல்ல உதாரணம். குளிர்காலத்தில் சூரியனே வராத நாட்களில் முழு நிலா நாள் கணக்கில் வானில் நிற்கும். அங்கே அட்டவணையில் காலிக் கட்டம் இருந்தால் முதல் கேள்விக்குச் சொன்ன பதில் பொருந்தாது.

பகலில் நிலா தெரிகிறதே, அது சாதாரணம்தானா?

முழுக்கச் சாதாரணம். நிலா பாதி நேரம் பகலில்தான் வானில் இருக்கிறது. அமாவாசையை ஒட்டிச் சூரியன் பக்கத்தில் இருப்பதாலும், பௌர்ணமியை ஒட்டிப் பகலில் அடிவானத்துக்குக் கீழே போய்விடுவதாலும் தெரியாது. மற்ற நாட்களில் நாம் அண்ணாந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அமாவாசைக்கு மறுநாள் பிறை தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது, தெரிந்தால் அதிர்ஷ்டம். தமிழில் மூன்றாம் பிறை என்ற சொல் இவ்வளவு பழக்கமாக இருப்பதற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும். சூரியனிலிருந்து ஏழு டிகிரிக்குள் இருந்தால் பிறை கண்ணுக்குத் தெரியவே தெரியாது என்று பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே டாஞ்சோன் 1930-களில் காட்டினார், அந்த எல்லைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அட்டவணையில் பார்க்க வேண்டியது சூரியன் மறைகிற நேரத்துக்கும் நிலா மறைகிற நேரத்துக்கும் உள்ள இடைவெளி. 40, 45 நிமிடமாவது இருந்தால் முயற்சி செய்யலாம், ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் தாராளமாகத் தெரியும். அப்போது பிறையின் மீதி வட்டமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அது பூமியில் பட்டு நிலாவுக்குப் போய்த் திரும்பிய சூரிய ஒளி. 1510-ஐ ஒட்டி லியோனார்டோ டா வின்சி இதை விளக்கி எழுதியிருக்கிறார்.

பைனாகுலரில் தேடுவதாக இருந்தால் சூரியன் முழுக்க மறைந்த பிறகு மட்டும் எடுங்கள்.

சிட்னியில் இருக்கும் நண்பர் அனுப்பிய படத்தில் பிறை மாறியிருக்கிறது. அங்கே வேறு பிறையா?

அதே பிறை, அதே சதவீதம். பார்ப்பவர் தலைகீழாக நிற்கிறார், நம்மோடு ஒப்பிட்டால். வடக்கே உள்ளவர்களுக்கு வளர்பிறையில் வலப்பக்கம் ஒளி, தெற்கே உள்ளவர்களுக்கு இடப்பக்கம். பூமத்திய ரேகைப் பக்கம் பிறை மல்லாந்து ஓடம் மாதிரி கிடக்கும். வலம், இடம் வைத்து வளர்பிறையா தேய்பிறையா என்று சொல்கிற சூத்திரங்கள் எல்லாம் ஊர் மாறினால் கைவிட்டுவிடும். மாலையில் தெரிந்தால் வளர்பிறை, அதிகாலையில் தெரிந்தால் தேய்பிறை என்பது எங்கும் செல்லும்.

எழும்போது அவ்வளவு பெரிதாக இருக்கிறதே?

கண்ணின் மயக்கம். உண்மையில் அடிவானத்தில் நிலா நம்மிடமிருந்து இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் உச்சியில் இருப்பதைவிட ஒரு துளி சிறியது. நீட்டிய கையில் ஒரு பென்சில் முனையை எழும்போது ஒரு தடவை, நள்ளிரவில் ஒரு தடவை அதன்மேல் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியாது. சிவப்பு நிறம் மட்டும் நிஜம், தடிமனான காற்று நீலத்தைச் சிதறடித்துவிடுகிறது.

ஒரே மாதத்தில் இரண்டு பௌர்ணமி வருமா?

வரும், 19 ஆண்டுகளில் ஏறக்குறைய ஏழு முறை. பௌர்ணமியே இல்லாத மாதம் பிப்ரவரி மட்டும்தான் இருக்க முடியும், அதற்குத்தான் 28, 29 நாள். 2018-இல் அப்படி ஆயிற்று, ஜனவரி 31-க்குப் பிறகு மார்ச் தொடக்கத்தில்தான் அடுத்த பௌர்ணமி.

19 ஆண்டு என்று ஏன் சொல்கிறேன் என்றால், 235 நிலா மாதங்களும் 19 சூரிய ஆண்டுகளும் இரண்டு மணி நேர வித்தியாசத்தில் பொருந்துகின்றன. உங்கள் 19-வது, 38-வது பிறந்த நாளில் நீங்கள் பிறந்த அன்று இருந்த அதே பிறை இருக்கும், மிஞ்சிப் போனால் ஒரு நாள் தள்ளும்.

நிலா எழுவதைப் படம் எடுக்க எந்த நாள் நல்லது?

எல்லாரும் பௌர்ணமி அன்று போவார்கள், நான் முந்தைய நாளைத்தான் சொல்வேன். அன்று நிலா சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்துவிடும், தரையிலும் வெளிச்சம் இருக்கும், கட்டடங்களும் நிலாவும் ஒரே படத்தில் சரியாக விழும். பௌர்ணமிக்கு மறுநாள் எழும்போது இருட்டிவிடுகிறது, நிலா வெள்ளைப் பொட்டாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் வரும். விடியலில் நிலா மறைவதை எடுக்க வேண்டும் என்றால் இது அப்படியே எதிர்மாறு, பௌர்ணமிக்கு மறுநாள் காலை போங்கள். எப்படியும் பௌர்ணமியின் மணி நேரத்தையும் பாருங்கள், அது அதிகாலையா இரவா என்பதைப் பொறுத்து "முந்தைய நாள்" அரை நாள் நகரும்.

அட்டவணை கையில் இல்லாவிட்டால் குத்துமதிப்பாகச் சொல்ல முடியுமா?

முடியும். அமாவாசை முடிந்து எத்தனை நாள் என்று எண்ணி 50-ஆல் பெருக்குங்கள். ஐந்து நாள் என்றால் 250 நிமிடம், அதாவது 4 மணி 10 நிமிடம். சூரிய உதயம் காலை 6:00 என்றால் நிலா உதயம் சுமார் 10:10, சூரியன் மாலை 6:00-க்கு மறைந்தால் நிலா மறைவு இரவு 10:10. பூமத்திய ரேகையிலிருந்து ரொம்பத் தள்ளிப் போகாத ஊர்களில் இது ஒரு மணி நேரம் முன்னே பின்னே சரியாக வரும்.